பாயிண்ட்ஸ் இருக்கட்டும், நாள் கணக்கு எங்கே?

பிஆர், அதாவது ஒரு வெளிநாட்டில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை பற்றி யார் பேச்சை எடுத்தாலும் முதல் கேள்வி பாயிண்ட்ஸ் எவ்வளவு என்பதாகத்தான் இருக்கிறது. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் எவ்வளவு, சம்பளம் என்ன, மாஸ்டர்ஸ் இருக்கிறதா, மனைவிக்கு வேலை உண்டா. நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் மாதிரிதான் பேசிக்கொள்கிறார்கள். நான் பிரிட்டனில் அந்தக் கட்டத்தைத் தாண்டி வந்தவன். அதற்குப் பிறகு நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று பலருடைய விண்ணப்பங்களை, அனுப்புவதற்கு முன் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துக் கொடுத்திருக்கிறேன். வக்கீல் இல்லை. இங்கே பதிவு பெறாதவர் குடியேற்ற ஆலோசனையைத் தொழிலாகச் செய்வது குற்றம். அதனால் நான் செய்வதெல்லாம் கணக்கைச் சரிபார்ப்பதும், சிக்கலான இடம் வந்தால் "இதை வக்கீலிடம் கேளுங்கள்" என்று சொல்வதும்தான்.

அப்படிப் பார்த்தவரையில், மதிப்பெண் போதாமல் தவித்தவர்களைவிட நாட்கள் சரியாக விழாமல் தவித்தவர்களே அதிகம். ஒரு வெளிநாட்டவர் நிரந்தரமாகத் தங்கிக்கொள்ளலாம் என்று சொல்வதற்கு முன் பெரும்பாலான நாடுகள் கேட்பது இதைத்தான்: எந்த விசாவில் இருந்தாய், எத்தனை நாள் இருந்தாய், நடுவில் அறுபடாமல் இருந்தாயா, அதற்குக் காகிதம் இருக்கிறதா. கெட்டிக்காரரா, நல்லவரா என்பதற்கெல்லாம் விண்ணப்பத்தில் ஒன்றிரண்டு பக்கம்தான்.

பிரிட்டனையே எடுத்துக்கொள்வோம். இங்கே இதற்குப் பெயர் ஐஎல்ஆர். ஸ்கில்டு வொர்க்கர் என்னும் வேலை விசாவில் ஐந்து வருடம் முடித்தால் விண்ணப்பிக்கலாம் என்பது நான் விண்ணப்பித்தபோது இருந்த விதி. அந்த ஐந்து வருடத்துக்குள் எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்தாலும் 180 நாளுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்திருக்கக் கூடாது. இந்த "எந்தப் பன்னிரண்டு மாதம்" என்ற இடத்தில்தான் ஆட்கள் சறுக்குகிறார்கள். ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார்கள். ஒருவர் செப்டம்பரில் கிளம்பி 100 நாள் வெளியே இருக்கிறார். மறுபடி அடுத்த மார்ச்சில் கிளம்பி 90 நாள். இரண்டு வருடத்தையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த செப்டம்பரிலிருந்து அடுத்த ஆகஸ்ட் வரை ஒரு கோடு போட்டால் 190. அதிகாரி அந்தக் கோட்டைப் போடுவார்.

கிளம்பிய நாளும் திரும்பி வந்து இறங்கிய நாளும் வெளியே இருந்த கணக்கில் சேராது. முழு நாட்கள் மட்டும்தான். பலருக்கு இது தெரியாமல், இரண்டையும் சேர்த்து எண்ணிவிட்டுப் பயந்துபோய் என்னிடம் வருவார்கள். ஐந்து வருடத்தில் பத்துப் பயணம் போனவருக்கு இருபது நாள் இதிலேயே குறையும். எதிர்ப்பக்கமும் உண்டு. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய் வெளிநாட்டிலிருந்து வேலை பார்த்தேன், சம்பளம் இங்கேதான் வந்தது, வரியும் இங்கேதான் கட்டினேன் என்பார்கள். சட்டத்துக்கு உங்கள் சம்பளம் எங்கே இருந்தது என்பது கேள்வி இல்லை, உடம்பு எங்கே இருந்தது என்பதுதான் கேள்வி. வீட்டிலிருந்து வேலை என்பது பரவலான பிறகு இந்தச் சிக்கல் நிறையவே வருகிறது.

அடுத்தது, எந்த நாட்கள் எண்ணப்படும் என்பது. "ஏழு வருஷமா இருக்கேன், இன்னும் பிஆர் இல்லை" என்று ஒருவர் சொன்னால் நான் முதலில் கேட்பது, எந்தெந்த விசாவில் ஏழு வருடம் என்று. படிக்க வந்த காலம், படிப்புக்குப் பிறகு வேலை தேடக் கொடுக்கும் கிராஜுவேட் விசாவின் இரண்டு வருடம், இவை பிரிட்டனில் வேலை விசாவின் ஐந்து வருடக் கணக்கில் சேராது. சட்டப்படி பத்து வருடம் தொடர்ந்து இருந்தவர்களுக்கென்று இன்னொரு வழி உண்டு. அதில் அவை சேரும். ஆக ஒருவரிடம் ஒரே நேரத்தில் இரண்டு கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருக்கும், எது முதலில் அடிக்கும் என்று பார்க்க வேண்டும். வந்த வருடத்திலேயே இதைப் பார்த்து வைத்தவர்கள் மிகச் சிலர்.

ஜெர்மனியில் இந்த விஷயம் கொஞ்சம் இளக்கமாக இருக்கிறது. அங்கே ஐந்து வருடப் பொதுவழியில் படித்த காலத்தில் பாதியைச் சேர்த்துக்கொள்வார்கள். அந்த நாட்டிலேயே பட்டம் பெற்று அதற்கேற்ற வேலையில் இருப்பவருக்கு இரண்டு வருடமே போதும் என்று தனி வழியும் இருக்கிறது. ப்ளூ கார்டு என்னும், பட்டதாரிகளுக்கான வேலை அனுமதி வைத்திருப்பவருக்கு 27 மாதம், ஜெர்மன் மொழியில் பி1 நிலையைத் தாண்டிவிட்டால் 21 மாதம். ஆறு மாதத்தை மொழியால் சம்பாதித்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். அலுவலகத்தில் ஆங்கிலமே போதும் என்று இருந்துவிடுகிறவர்களிடம் நான் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். நாட்டைப் பற்றிய பொதுத் தேர்வு இருக்கிறதே, அது பெரிய விஷயமே இல்லை. 33 கேள்வியில் 15 சரியாக இருந்தால் பாஸ். பிரிட்டனின் லைஃப் இன் த யூகே தேர்வில் 24 கேள்விக்கு 18 சரியாக வேண்டும், 45 நிமிடம். எட்டாம் ஹென்றியின் மனைவிமார்களை வரிசையாக மனப்பாடம் செய்ததைத் தவிர எனக்கு அதில் வேறு கஷ்டம் இருக்கவில்லை.

ஜெர்மனிக்காரர்கள் நாட்களை எண்ணுவதோடு நிற்பதில்லை. ஓய்வூதியக் காப்பீட்டில் எத்தனை மாதம் பங்களிப்புக் கட்டியிருக்கிறது என்பதையும் எண்ணுகிறார்கள். பொதுவழிக்கு 60 மாதம், திறன் தொழிலாளர் என்ற பிரிவில் வருபவருக்கு 36 மாதம். நாட்டில் இருந்தாய், சரி, அமைப்புக்குள் இருந்தாயா என்பது அந்தக் கேள்வி. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. ஆனால் சொந்தத் தொழில் செய்தவர்கள், குழந்தை பிறந்து பகுதிநேரம் போனவர்கள் எல்லாம் இந்த இடத்தில் தனியாக உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும்.

இனி நாட்கள் அறுபடுவது பற்றி. பயணத்தால் அறுபடுவது நம் கையில் இருக்கிறது. வேலை போவது நம் கையில் இல்லை. பிரிட்டனில் ஸ்பான்சர் செய்த நிறுவனம் உங்களை நிறுத்திவிட்டால் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். அரசு வழக்கமாக 60 நாள் கொடுத்து விசாவை வெட்டும். அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாக்காரர்களுக்கும் அதிகபட்சம் 60 நாள்தான். பிரிட்டனில் அதற்குள் புதிய நிறுவனம் கிடைத்து விண்ணப்பம் உள்ளே போய்விட்டால் கணக்கு தொடரும். இல்லையென்றால் நாலரை வருடமும் போய், மறுபடி ஒன்று இரண்டு என்று எண்ண வேண்டும். நிறுவனமே ஸ்பான்சர் உரிமத்தை இழந்து, அங்கே வேலை பார்த்த ஒரு தப்பும் செய்யாதவர்கள் தெருவுக்கு வந்ததையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் ஐஎல்ஆருக்கு முந்தைய வருடத்தில் பலர் சம்பள உயர்வு கேட்கப் பயப்படுகிறார்கள், மேலாளரின் ஏச்சைச் சகித்துக்கொள்கிறார்கள். நான்காவது வருடத்தில் இருக்கும் ஒரு வெளிநாட்டு ஊழியரைப்போல அலுவலகத்தில் பணிவான ஆள் யாரும் இருக்க முடியாது.

விசா நீட்டிப்பும் இப்படித்தான். பழைய விசா முடிவதற்குள் புதிய விண்ணப்பம் போயிருந்தால், முடிவு வரும்வரை பழைய உரிமைகள் தொடரும் என்று பிரிட்டன் சட்டம் சொல்கிறது. முடிவு வர மாதக்கணக்கில் ஆனாலும் பரவாயில்லை. ஆனால் விசா முடிந்து ஒருநாள் கழித்துப் போனால் அது வேறு கதை.

வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று ஓட வேண்டி வந்தால்? நெருங்கிய உறவினரின் கடுமையான நோய், மரணம் போன்றவற்றுக்குப் பிரிட்டனில் விலக்கு உண்டு. ஆனால் ஆதாரம் கொடுக்க வேண்டும். மருத்துவமனைக் கடிதம், தேதியோடு. துக்கத்தில் இருப்பவரிடம் "டிஸ்சார்ஜ் சம்மரியை ஸ்கேன் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது எனக்கே கூச்சமாக இருக்கும். இருந்தாலும் சொல்லிவிடுவேன். மூன்று வருடம் கழித்து அந்த மருத்துவமனையில் போய்க் கேட்டு வாங்குவதைவிட அது சுலபம்.

இதுவரை சொன்னதெல்லாம் முதலில் இருந்து காட்டு, அப்புறம் தருகிறேன் என்னும் நாடுகள். கனடா தலைகீழ். அங்கே பிஆரை முதலிலேயே கொடுத்துவிட்டு, ஐந்து வருடத்தில் 730 நாள் நாட்டுக்குள் இரு என்று பிறகு கேட்கிறது. உள்ளே நுழையத்தான் பாயிண்ட்ஸ். உண்மையில் பாயிண்ட்ஸ் முறையை உலகுக்குக் கொடுத்ததே கனடாதான், 1967இல். அதற்கு முன் இருந்ததை நம்மவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. 1951இல் கனடா ஒப்புக்கொண்ட ஏற்பாட்டின்படி ஒரு வருடத்துக்கு இந்தியாவிலிருந்து 150 பேர், பாகிஸ்தானிலிருந்து 100, இலங்கையிலிருந்து 50. அவ்வளவுதான் கணக்கு. நீங்கள் எவ்வளவு படித்திருந்தாலும் இலங்கையிலிருந்து ஐம்பத்தொன்றாவது ஆளாக வந்தால் கதவு மூடியிருக்கும். பாயிண்ட்ஸ் முறையை நான் என்னதான் குறை சொன்னாலும், அது எதன் இடத்தில் வந்தது என்று நினைத்துப் பார்த்தால் குறை சொல்லத் தோன்றாது.

ஆனால் அந்தப் பாயிண்ட்ஸிலும் காலண்டர்தான் உட்கார்ந்திருக்கிறது. 2015 ஜனவரியில் வந்த எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்னும் கனடா விண்ணப்ப முறையில் தனியாக விண்ணப்பிக்கும் ஒருவருக்கு 20 முதல் 29 வயது வரை வயதுக்கு மட்டும் 110 பாயிண்ட்ஸ். 35 வயதில் 77. 40 வயதில் 50. 45 ஆனால் பூஜ்யம். ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் ஐந்து ஆறு என்று உதிர்கிறது, நாற்பதைத் தாண்டினால் பத்துக்கு மேல். "இன்னும் ஒரு வருஷம் அனுபவம் சேர்த்துவிட்டு அப்ளை பண்ணலாம்" என்று நினைப்பவர்கள், சேர்ப்பது எவ்வளவு, உதிர்வது எவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மொழித் தேர்வை மறுபடி எழுதினால் கிடைப்பது பல நேரம் ஒரு வருட அனுபவத்தைவிட அதிகம். பிரெஞ்சு தெரிந்தால் இன்னும் மேல். ஒரு மாகாணம் உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டால் ஒரே அடியாக 600 பாயிண்ட்ஸ், அதற்கு மேல் வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை.

அமெரிக்கா இந்த இரண்டு வகையிலும் சேராது. அங்கே எத்தனை வருடம் இருந்தாய் என்பதே கிரீன் கார்டுக்குக் கணக்கில்லை. பதினைந்து வருடம் எச்-1பியில் இருந்து, வீடு வாங்கி, பிள்ளை கல்லூரிக்குப் போகிற வயதுக்கு வந்து, இன்னும் வரிசையில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். 1990ஆம் ஆண்டுச் சட்டம் வேலை அடிப்படையில் வருடத்துக்குச் சுமார் 1,40,000 என்று வைத்தது. அதில் விண்ணப்பிப்பவர் மட்டுமல்ல, கணவன் மனைவி பிள்ளைகளும் அடக்கம். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. நூறு கோடிக்கு மேல் மக்கள் உள்ள நாட்டுக்கும் 7, சில லட்சம் பேர் உள்ள தீவுக்கும் 7.

கவனியுங்கள், பிறந்த நாடு. பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பது அல்ல. இந்தியாவில் பிறந்து கனடாக் குடிமகனாகி அமெரிக்காவுக்குப் போனவரும் இந்திய வரிசையில்தான் நிற்க வேண்டும். ஒரே குழுவில், ஒரே பட்டத்தோடு, ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த இரண்டு தமிழர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இலங்கையில் பிறந்தவர், இன்னொருவர் தமிழ்நாட்டில் பிறந்தவர். முதலாமவர், யார் முறை வந்திருக்கிறது என்று அரசு மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினில், "மற்ற எல்லா நாடுகளும்" என்ற பத்தியில் வருவார். இரண்டாமவருக்கு இந்தியா என்று தனிப் பத்தி, அதன் தேதி பல வருடம் பின்னால் நிற்கும். நிறுவனம் போடும் ஐ-140 மனு இருவருக்கும் ஒப்புதலாகிவிட்டது, அதாவது தகுதி இருக்கிறது என்று அரசே எழுத்தில் சொல்லிவிட்டது. ஆனாலும் ஒருவர் கார்டோடு வேலை மாறிப் போய்விடுவார், மற்றவர் மாதாமாதம் புல்லட்டினைப் பார்த்துக்கொண்டிருப்பார். மனைவியோ கணவனோ வேறு நாட்டில் பிறந்திருந்தால் அவருடைய பத்திக்கு மாறிக்கொள்ளலாம் என்று சட்டத்தில் இடம் இருக்கிறது. துபாயிலோ சிங்கப்பூரிலோ பிறந்த பெண்ணைக் கட்டியவருக்கு அந்தப் பிறப்புச் சான்றிதழின் மதிப்பு கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியவரும்.

வரிசை நீளுவதில் மிகவும் வதைபடுவது பிள்ளைகள். 21 வயது ஆனால் பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்து விழுந்துவிடுவார்கள். 2002இல் வந்த ஒரு சட்டம், விண்ணப்பம் பரிசீலனையில் கிடந்த காலத்தை வயதிலிருந்து கழித்துக்கொள்ள அனுமதிக்கிறது. சில மாதங்களுக்கு அது உதவும். பத்து வருட வரிசைக்கு உதவாது. இரண்டு வயதில் வந்து, அந்த நாட்டைத் தவிர வேறெதுவும் தெரியாமல் வளர்ந்த பிள்ளை, இருபத்தோராவது பிறந்த நாளுக்குப் பிறகு வெளிநாட்டு மாணவராக விசா கேட்டு நிற்பதை எந்த வாதத்தாலும் எனக்கு நியாயப்படுத்த முடியவில்லை.

சிங்கப்பூர் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஏனென்றால் அவர்களே சொல்வதில்லை. மதிப்பெண் பட்டியல் வெளியிடப்படுவதில்லை, மறுத்தால் காரணமும் வராது. பெற்றோரின் பிஆரோடு சேர்ந்து பிஆர் பெறும் ஆண் பிள்ளைக்கு இரண்டு வருட முழுநேர தேசியச் சேவை உண்டு என்பதை மட்டும் விண்ணப்பிப்பதற்கு முன் வீட்டில் பேசிவிட வேண்டும். பையனுக்கு நான்கு வயதாக இருக்கும்போது தூரமாகத் தெரிகிற விஷயம் அது.

இனி காகிதம். நாட்கள் எல்லாம் சரியாக இருந்து, நிரூபிக்க முடியாமல் போனால் இருந்ததாகவே ஆகாது. இதற்கு பிரிட்டனின் விண்ட்ரஷ் விவகாரத்தைவிட உறைக்கிற உதாரணம் கிடையாது. 1973க்கு முன் கரீபியன் தீவுகளிலிருந்தும் மற்ற காமன்வெல்த் நாடுகளிலிருந்தும் வந்து குடியேறியவர்களுக்குத் தங்கும் உரிமை சட்டப்படியே இருந்தது. கையில் ஒரு தாள் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். பல பத்தாண்டு கழித்து விதிகள் இறுகியபோது வேலை, வாடகை வீடு, மருத்துவம் எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்டார்கள். அவர்கள் வந்து இறங்கியதைக் காட்டக்கூடிய பழைய வருகை அட்டைகளை அரசே 2010இல் அழித்திருந்தது. 2018இல் விஷயம் வெடித்தபோது, வாழ்நாள் முழுக்க வரி கட்டியவர்கள் தடுப்புக் காவலில் இருந்ததும் நாடு கடத்தப்பட்டதும் வெளியே வந்தது. அரசு மன்னிப்புக் கேட்டது. உரிமை இருந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், உரிமையை இனிமேல்தான் கேட்கப் போகிறவர்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்?

ஆகவே காலாவதியான பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். முத்திரைகள் அதில்தான் இருக்கின்றன. இப்போது பல விமான நிலையங்களில் இயந்திரக் கதவு வழியாகப் போய்விடுவதால் முத்திரையே விழுவதில்லை. அதனால் ஒவ்வொரு பயணத்துக்கும் டிக்கெட் மின்னஞ்சலை ஒரு தனி ஃபோல்டரில் போட்டு வையுங்கள், ஒரு எக்ஸெல் தாளில் போன தேதி, வந்த தேதி, போன காரணம் எழுதி வையுங்கள். விமானத்தில் உட்கார்ந்தே எழுதிவிடலாம். சம்பளச் சீட்டு, வருடாந்திர வரித் தாள், வாடகை ஒப்பந்தம், நிறுவனம் மாறியபோது வந்த கடிதங்கள் எல்லாம் வேண்டும். நிறுவனங்கள் மூடப்படும், அலுவலக மின்னஞ்சல் வேலையை விட்ட அன்றே நின்றுவிடும். பெயர் எல்லா ஆவணத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் விண்ணப்பிக்கும் நேரத்தில் இல்லாமல் இப்போதே சரிசெய்யுங்கள்.

ஜப்பானியர்கள் இதில் ஒரு படி மேலே. அங்கே பொதுவாகப் பத்து வருடம், அதில் ஐந்து வருடமாவது வேலை விசாவில். மிகுந்த திறன் உள்ளவர் என்ற மதிப்பெண் முறையில் 70 வாங்கினால் மூன்று வருடம், 80 வாங்கினால் ஒரே வருடம். 2017லிருந்து இப்படி. ஒரே வருடத்தில் பிஆர் என்று கேட்டதும் எல்லோருக்கும் வாய் பிளக்கும். ஆனால் வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எல்லாம் கட்டியிருக்கிறீர்களா என்று கேட்பதோடு விடமாட்டார்கள், கெடு தேதிக்குள் கட்டினீர்களா என்றும் பார்ப்பார்கள். விண்ணப்பிக்கும் நேரத்தில் பாக்கி எதுவும் இல்லாவிட்டாலும், தாமதமாகக் கட்டியது பாதகமாகவே எடுத்துக்கொள்ளப்படும். நிறுவனம் பிடித்தம் செய்து கட்டுகிறவர்களுக்குக் கவலை இல்லை. வேலை மாறும்போது நடுவில் வரும் ஒரு மாதத்தைச் சொந்தமாகக் கட்ட வேண்டியிருக்கும், அந்தத் தாள் தபால்பெட்டியில் கிடக்கும். பிரச்சினை அங்கேதான் முளைக்கும்.

இத்தனையும் சரியாகச் செய்து வைத்திருந்தாலும் ஆட்டத்தின் நடுவில் விதி மாறலாம். பிரிட்டனில் 2006 ஏப்ரலில் நான்கு வருடம் என்பதை ஐந்து ஆக்கினார்கள், ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்கும் சேர்த்து. அதே ஆண்டு நவம்பரில், திறமையாளர் விசாவில் குடும்பத்தோடு வந்துவிட்டவர்களுக்கும் நீட்டிப்பு விதிகளை மாற்றினார்கள். அவர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2008 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், ஏற்கெனவே வந்தவர்கள்மேல் புதிய விதியைத் திணித்தது தவறு என்று சொன்னது. நான்கு வருடக் கணக்கு பற்றியும் அடுத்த வருடம் தீர்ப்பு அவர்கள் பக்கமே வந்தது. எல்லா இடத்திலும் இப்படி முடியாது. கனடா 2012இல் சட்டம் போட்டு, 2008 பிப்ரவரிக்கு முன் விண்ணப்பித்துக் காத்திருந்த சுமார் 2,80,000 பேரின் திறன் தொழிலாளர் கோப்புகளை மூடிவிட்டது. கட்டணத்தைத் திருப்பித் தந்தார்கள். காத்திருந்த வருடங்களைத் திருப்பித் தர வழியில்லை. 2025 மார்ச்சில் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலை வாய்ப்புக் கடிதத்துக்கு இருந்த பாயிண்ட்ஸை எடுத்துவிட்டார்கள். அதை நம்பியே நிறுவனம் தேடி அலைந்தவர்கள் ஒரே இரவில் பின்னுக்குப் போனார்கள். அதே வருடம் மே மாதம் பிரிட்டன் அரசு ஐந்து வருடத்தைப் பொதுவாகப் பத்து வருடமாக்கும் திட்டத்தை வெளியிட்டது. அன்று எனக்கு வந்த போன்களில் பாதிக்கு மேல் நான்காவது வருடத்தில் இருந்தவர்களிடமிருந்துதான்.

இதற்கு என்னிடம் இருக்கிற ஒரே பதில்: தகுதி வந்த முதல் நாளிலேயே விண்ணப்பியுங்கள். பிரிட்டனில் ஐந்து வருடம் முடிவதற்கு 28 நாள் முன்பே அனுப்பலாம். "கட்டணம் அதிகம், போனஸ் வரட்டும்", "ஊருக்குப் போய்விட்டு வந்து பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். விதி எப்போதும் விண்ணப்பிக்காதவனுக்குப் பாதகமாகவே மாறுகிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாதகமாக மாறும் என்று காத்திருப்பது புத்திசாலித்தனம் இல்லை.

சரி, கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகும் எண்ணுவது நிற்காது. அமெரிக்க கிரீன் கார்டோடு ஒரு வருடத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் அந்தக் கார்டை வைத்து உள்ளே வர முடியாது. முன்கூட்டியே ரீ-என்ட்ரி பர்மிட் வாங்கினால் இரண்டு வருடம் வரை சமாளிக்கலாம். பிரிட்டன் ஐஎல்ஆர் தொடர்ந்து இரண்டு வருடம் வெளியே இருந்தால் போய்விடும். ஜெர்மனியில் பொதுவாக ஆறு மாதம்தான். ஆஸ்திரேலியாவில் உள்ளே இருக்கும்வரை விசாவுக்கு முடிவில்லை, ஆனால் வெளியே போய் வரும் வசதி ஐந்து வருடத்துக்குத்தான். அதன்பிறகு கடைசி ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் உள்ளே இருந்ததைக் காட்ட வேண்டும். கனடாவில் கார்டு காலாவதியானாலும் பிஆர் அந்தஸ்து தானாகப் போகாது. 730 நாள் இல்லாமல் எல்லையில் வந்து நின்றால் கேள்வி வரும். வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வருடக்கணக்கில் போக வேண்டியவர்களுக்கு இந்த எண்கள் வெறும் எண்கள் இல்லை.

வாக்குரிமையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அமெரிக்காவில் கிரீன் கார்டு வைத்திருப்பவர் தேர்தலில் ஓட்டுப் போட்டால் நாடு கடத்தலுக்கே காரணமாகலாம். ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகும்போது, வாக்காளராகப் பதிவு செய்யலாமா என்று ஒரு கட்டத்தில் கேட்பார்கள். யோசிக்காமல் டிக் அடித்துவிடக் கூடாது. பிரிட்டனிலோ இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் உட்படக் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் மாணவர் விசாவில் இருந்தாலும் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். பத்து வருடம் இங்கே இருந்தும் இது தெரியாத நம்மவர்கள் எத்தனையோ பேர்.

வெளியே அதிகம் இருக்க வேண்டியவர்கள் பிஆரோடு நிற்காமல் குடியுரிமைக்கும் போய்விடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். இந்தியர்களுக்கு அதில் இந்தியக் குடியுரிமையை விடும் முடிவும் சேர்ந்து வருவதால் தயங்குகிறார்கள், அந்தத் தயக்கம் எனக்கும் புரிகிறது. அங்கேயும் தனி நாள் கணக்கு இருக்கிறது. கனடாவில் ஐந்து வருடத்தில் 1,095 நாள் உள்ளே இருந்திருக்க வேண்டும், பிஆருக்கு முன் இருந்த நாட்கள் பாதியாகச் சேரும், அதிகபட்சம் 365 வரை. பிரிட்டனில் பொதுவழியில் ஐந்து வருடத்தில் 450 நாளுக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது, கடைசி வருடத்தில் 90. இதோடு யாரும் எதிர்பாராத ஒன்று: விண்ணப்பம் போய்ச் சேரும் நாளிலிருந்து சரியாக ஐந்து வருடத்துக்கு முந்தைய அந்தத் தேதியில் நீங்கள் நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். அன்றைக்கு விடுமுறையில் வெளியே இருந்திருந்தால், திரும்பி வந்த தேதிக்கு ஏற்றபடி விண்ணப்பத்தைச் சில நாள் தள்ளி அனுப்பினால் போதும். எக்ஸெல் தாள் வைத்திருப்பவருக்கு அது இரண்டு நிமிட வேலை.